அளவா ஒரு கோட்டு

— கைய நீட்டு கானர். ஒரு கை இல்லடா, ரெண்டும். நீல், இங்க வந்து பாரேன், கோட்டு மணிக்கட்டத் தாண்டித் தொங்குது. இது ஆகாது, இந்தக் கடையில வேற இருக்கும்.

— நல்லாத்தானே இருக்கு லின்சி.

— என்ன நல்லா இருக்கு? அப்பன் கோட்ட எடுத்து மாட்டுன மாதிரி இருக்கு.

— அம்மா, நீயா பேசற? ஏழாவது சேர்றப்ப வாங்கித் தந்தியே ஒரு பிளேசர், என் விரலே வெளில தெரியல. வளர்ற பையன் வளர்ற பையன்னு நீ பாட்டுக்குச் சொன்ன. பசங்க என்னக் காக்கா விரட்டற பொம்மைன்னானுங்க.

— அது யூனிஃபார்ம்டா. இது சூட்டு. ஸ்கூல்ல கடைசி ரெண்டு வருஷம், சிக்ஸ்த் ஃபார்ம் போற பையன் ஆபீஸ் போற ஆள் மாதிரி இருக்கணும். மேலயும் கீழயும் ஒரே துணி, ஒரே நிறம். அந்த ஸ்கூல் கேன்டீன்ல எத்தன வருஷமா சோறு போடறேன், எனக்குத் தெரியாதா? போன வருஷம் ஒரு பொண்ணு கோட்டு ஒரு கறுப்பு, பேன்ட்டு வேற கறுப்புன்னு போட்டுட்டு வந்துச்சு. வாசல்லயே நிறுத்திட்டாங்க. பாவம், எங்க பின்வாசல்ல வந்து நின்னு அழுதுச்சு. டோஸ்ட் குடுத்து அனுப்புனேன்.

— சரி லின்சி, இவன் கதைக்கு வா.

— வரேன், வரேன். ஒரு சைஸ் சின்னதா, சாம்பல் நிறத்துல எடுத்துட்டு வரேன். இன்னைக்கு அளவா இருக்கணும் எனக்கு. நீ அங்கயே நில்லு கானர், உக்காந்து கசக்காத.

— ...போயிட்டா. திரும்பி வந்ததும் அவகிட்ட சொல்லித் தொலைடா.

— நீ சொல்லுப்பா.

— பரீட்ச எழுதுனது நானா?

— கணக்குல ஆறாம் கிரேடு வேணும், நாலுதான் வந்திருக்குன்னு எப்படிப்பா சொல்றது? வியாழக்கிழமை ரிசல்ட் வந்ததும் அம்மா மூஞ்சியப் பாத்தேன், எல்லாம் ஓகேன்னு வாயில வந்துடுச்சு. அதுக்குள்ள பக்கத்து வீட்டு பமேலாவக் கூப்பிட்டு கேக்கு வெட்டிடுச்சு.

— ஸ்கூல்ல மறுபடி கேட்டியா?

— நேத்தே போன் பண்ணிட்டேன். இடம் கிடையாதுன்னுட்டாங்க. காலேஜ்ல தச்சு வேலை படிக்க இடம் இருக்காம். எனக்கு அது பிடிச்சுத்தான்பா இருக்கு. அம்மாவ நெனச்சாத்தான்... நான் சூட்டப் போட்டுட்டு, தட்டோட வரிசைல வருவேனாம். எனக்கு மட்டும் கிரேவி ஒரு கரண்டி கூட ஊத்துமாம். ரெண்டு வருஷமா இதே கதைதான்.

— எனக்குத் தெரியாதா? படுத்தா எந்திரிச்சா அதான் பேச்சு. அதனாலதான்டா சொல்றேன், பில்லு போடறதுக்கு முன்னாடி சொல்லிடு.

— அம்மா வருது, வருது. சும்மாருப்பா.

— இந்தா, போடு. என்ன, ரெண்டு பேரும் களவாணிங்க மாதிரி முழிக்கறீங்க?

— ஒண்ணுமில்லமா. ஒரே புழுக்கம்.

— வெயிலே எட்டிப் பாக்காத டான்காஸ்டர்ல இவனுக்குப் புழுக்கமாம்! மாட்டு. பாத்து, டேக்கு பத்திரம். எங்க, திரும்பு... அடேயப்பா. நீல், தோளப் பாரேன். எப்படி உக்காந்திருக்கு பாரேன்.

— லின்சி, அவன் உன்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

— அப்புறம் சொல்லட்டும். கானர், அந்தக் கண்ணாடிகிட்ட போயி அங்கேருந்து நடந்து வா. கைய முன்னாடி வெச்சுக்கோ, தட்டு பிடிச்ச மாதிரி.

— அம்மா, வேணாமே. எல்லாரும் பாக்கறாங்க.

— பாக்கட்டும். ஒரே ஒரு தடவ வாடா... ஆங், அப்படித்தான். கிரேவி வேணுமா தம்பி?

— வேணும்.

— ப்ளீஸ் சொல்லாதவனுக்கு என் கரண்டி எறங்காது.

— வேணும், ப்ளீஸ்... அம்மா, எனக்கு இடம் கிடைக்கலமா. கணக்குல போயிடுச்சு. உன்கிட்ட பொய் சொல்லிட்டேன்.

— சரி, கழட்டிக் குடு கண்ணா. மடிக்காத, ஹேங்கர்லயே மாட்டிடலாம்.

— நான் சொன்னது காதுல விழுந்துச்சாமா?

— விழுந்துச்சு. நேத்து ஓவன் கழுவப் போனேன்ல, சிக்ஸ்த் ஃபார்ம் மேடமே அடுப்பு வரைக்கும் வந்து என் கையப் பிடிச்சுக்கிட்டாங்க. வருத்தமா இருக்கு லின்சின்னாங்க. என் கையெல்லாம் சோப்பு நுரை.

— நேத்தே தெரியுமா? அப்புறம் எதுக்குடி எங்கள இங்க இழுத்துட்டு வந்த? நெஜமாவே வாங்கப் போறன்னுல்ல நெனச்சேன்!

— ஒரு தடவ போட்டுப் பாக்கத்தான். வாங்கறதா இருந்தா, வளர்ற பையனுக்கு ரெண்டு சைஸ் பெருசா எடுத்திருக்க மாட்டேனா நீல்?