டூலிக்கு ஒரு நிமிடம்

டூலி மேபெரியின் அடக்க ஆராதனையில் நான் பேசியதற்கு ஒன்பது தடவை சிரித்தார்கள், தம்பி. எண்ணினேன். நீ போலீஸ் ஷெரீப் ஆனாலும் எனக்குத் தம்பிதான், கோபித்துக்கொள்ளாதே. போதகரே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பிரசங்கம் நாற்பது நிமிடத்தைத் தாண்டும் என்று டூலி ஒருமுறை ஊரோடு பந்தயம் கட்டிவிட்டு, முந்தின நாள் அவரிடமே போய் நரகத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்டு வைத்தான். மனுஷன் ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். ஜெயித்ததில் பாதியை சர்ச் கூரைக்கே டூலி கொடுத்துவிட்டான். அவனை எப்படித் திட்டுவது?

லாஸ் வேகாஸில் போக்கர் சாம்பியன் பட்டம் வாங்கி நம் லபக் ஊருக்கு வந்து இறங்கிய அன்று, ஊதா பூட்ஸ் மாட்டிக்கொண்டு, அக்குளில் ஒரு சேவலை இடுக்கிக்கொண்டு வங்கிக்குப் போனான். சேவல் எதற்கு என்று பத்துப் பேராவது கேட்பார்கள் என்பது பந்தயம். ஒருத்தரும் கேட்கவில்லை. டூலி வந்தால் சேவலும் வரும் என்று விட்டுவிட்டார்கள். அவன் தோற்று நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவன் மேல் எனக்குப் பொறாமை இருந்ததே இல்லை, ஐயா.

டூலியின் மாத்திரை டப்பா ஏன் தொடாமல் கிடந்தது என்று கேட்டாய். சொல்கிறேன். ஞாயிறு சர்ச் முடிந்ததும் என் தீவனக் கடையின் பின்னறையில் அவனும் நானும் போக்கர் ஆடுவது முப்பத்தொரு வருட வழக்கம். நல்ல சீட்டு இருப்பதுபோல் நான் காட்டும் மிரட்டல் ஒன்றுகூட அவனிடம் பலித்ததில்லை. கையில் வெத்துச் சீட்டு இருந்தால் நான் ஏதோ ஒன்றைச் செய்துவிடுகிறேனாம். என்னவென்று சொல்ல மாட்டான். கேட்டால், "அத வச்சுத்தானடா நான் வயித்தக் கழுவுறேன்" என்பான். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தனியாக ஆடிப் பார்த்தேன். கண் துடிக்கவில்லை, கை நடுங்கவில்லை.

போன ஞாயிறும் என் கையில் ஒன்றுமில்லை. ஆனாலும் இருந்த பந்தயச் சில்லுகள் அத்தனையையும் நடுவில் தள்ளினேன். டூலி வழக்கம்போல் தன் சீட்டுகளின் மேல் நெஞ்சுவலி மாத்திரை டப்பாவைப் பாரமாக வைத்திருந்தான். அடுத்தவன் கை பட்டால் சீட்டு செல்லாது. அதற்காக எல்லோரும் மேலே எதையாவது வைப்பார்கள்.

"நிதானமா யோசிங்க ஐயா, ஒண்ணும் அவசரமில்ல" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாவமா இருக்குடா வெண்டல், இன்னைக்குச் சொல்லிடுறேன். பொய் சொல்றப்ப மட்டும் நீ எதிர்ல இருக்கிறவன ஐயான்னு கூப்பிடுற."

முப்பத்தொரு வருடம், தம்பி. ஒரே ஒரு சொல். எனக்கு வயிறு எரிந்தது.

சிரித்துக்கொண்டே, என் பந்தயத்துக்கு ஈடு கட்டத் தன் சில்லை எடுக்கக் கை நீட்டினான். கை பாதி வழியில் நின்று நெஞ்சுக்குப் போனது. முகம் வெளிறிவிட்டது. "டப்பாவ எடுடா. கை வரல" என்றான்.

டப்பா அவன் சீட்டின் மேல் இருந்தது. நான் தொட்டால் அந்த ஆட்டமே கெட்டுவிடும். ஒருவன் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டால் எதிராளி கெடு வைக்கலாம், அதுவும் சட்டம்தான். ஒரு நிமிடம். அதற்குள் முடிவு சொல்லாவிட்டால் அவன் தோற்றான். நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக் கெடு வைத்தேன். நாற்பதாவது விநாடியில் "வெண்டல்" என்றான். அது முடிவு ஆகாது.

அறுபது ஆனதும் சில்லுகளை என் பக்கம் இழுத்து, நிறம் பிரித்து அடுக்கினேன். பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவன் சீட்டைத் திருப்பிப் பார்க்கவில்லை. காட்டாத சீட்டைப் பார்ப்பது பண்பில்லை.

ரீனோவில் ஒருமுறை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, எதிராளி பதறிச் சீட்டைக் கீழே போட்டு ஆட்டத்தை விட்டதும் எழுந்து ஜெயித்தவன் அவன். ஆராதனையில் ஒன்பதாவது சிரிப்பு அந்தக் கதைக்குத்தான். இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இதுவும் அந்த மாதிரி நாடகம் என்றுதான் நினைத்தேன், ஐயா.