அய்யாவு கேட்ட காலை பஸ்

மேடையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களே, மண்டி மொஹல்லா கடைத்தெரு நண்பர்களே, கீரிப்பாறையிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, எங்கள் தலைவரின் துணைவியார் பொன்னம்மா அக்கா அவர்களே! எல்லோருக்கும் வணக்கம். மாலை போட்ட இந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று பேச எனக்குத் தெம்பில்லை. பயணிகள் சங்கத்துக்குச் செயலாளர் என்பதால் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்கள்.

யார் எங்கள் தலைவர் அய்யாவு? இதே மைசூரில் இரும்புக்கடையில் எடை போட்டுப் பிழைத்தவர். பிறந்தது மார்டள்ளிக்கு அப்பால், காட்டோரத்துக் கீரிப்பாறை. அங்கிருந்து மைசூருக்கு நேராக வருவது ஒரே ஒரு காலை பஸ். ஆஸ்பத்திரிக்குப் போவது அதில்தான், மாத்திரை வருவது அதில்தான், கல்லூரிப் பிள்ளைகள் ஏறுவதும் அதில்தான். அந்த பஸ் நின்றுபோன கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. அய்யாவுக்கு அலுக்கவே இல்லை.

பஸ்ஸில் ஆள் ஏறுகிறதா என்று பார்க்க ஓர் அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. நம் ஜனங்கள் என்ன செய்தார்கள்? ஊருக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார், அவரைப் போய் இடித்துக்கொண்டு வரலாமா என்று முன் சீட்டைத் துடைத்து, துண்டு விரித்து, அவரை உட்கார வைத்தார்கள். பிறகு ஊர் மொத்தமும் தக்காளி டெம்போவில் ஏறிப் பின்னாலேயே வந்தது! வழியில் இருந்த ஊர்களுக்கும் போன் போட்டு, யாரும் ஏறவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். காலி பஸ்ஸில் காற்று வாங்கிக்கொண்டு வந்த அதிகாரி, இந்தத் தடத்தில் ஜனமே இல்லை என்று எழுதினார். பஸ் நின்றது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? கண்ணால் கண்டதைத்தானே எழுதினார்!

அய்யாவு கொதித்துப்போய் ஊருக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, இதோ முன்வரிசையில் இருக்கும் மாரக்காள் அக்காதான் பதில் சொன்னார்.

"வந்த மனுசன நிக்க வெக்கறது மொறைங்களா? அதானுங்க நாங்க எறங்கிக்கிட்டோம்."

அய்யாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண் கலங்கிவிட்டது. "மருவாதி குடுத்தே பஸ்ஸத் தொலைச்சுப் போட்டமே அக்கா" என்றார்.

மாரக்காள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரம் இரண்டு தடவை மைசூருக்கு வந்து டயாலிசிஸ் செய்தாக வேண்டும். பஸ் போனபின் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உடம்பைக் குறுக்கிக்கொண்டு வந்தார். டெம்போ கிடைக்காத வாரம் முகம் வீங்கி வீட்டிலேயே கிடந்தார். அதைப் பார்த்துவிட்டு அய்யாவால் சும்மா இருக்க முடியுமா? எத்தனை மனு! எத்தனை மாடிப்படி! நாளைக்கு வா என்று கன்னடத்தில் எத்தனை "நாளெ பன்னி"! விட்டுத் தள்ளுங்கள் அண்ணா, ஆனது ஆச்சு என்று நானே சொல்லியிருக்கிறேன். அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொள்வார். நானும் முனகிக்கொண்டே பின்னால் போவேன்.

கடைசியில் ஒரு மாதத்துக்கு ஓட்டிப் பார்க்கிறோம் என்று உத்தரவு வந்தது. பஸ் ஓடத் தொடங்குவதற்கு முந்தின நாள் நெஞ்சுவலி வந்து அய்யாவு போய்விட்டார். மறுநாள் முதல் பஸ் மைசூருக்கு வந்தபோது படிக்கட்டு வரை கூட்டம் தொங்கியது. யாரைப் பார்க்க? அவரை வழியனுப்பத்தான். அந்தக் கூட்டத்தைப் பார்த்து எழுத அன்றைக்கு ஓர் அதிகாரியும் வரவில்லை.

நண்பர்களே, இரங்கல் தீர்மானம் படித்தாகிவிட்டது. எழுந்து நின்று மௌனமாகவும் இருந்துவிட்டோம். அது போதுமா? வருகிற திங்கட்கிழமை அந்த அதிகாரி மறுபடியும் பஸ்ஸில் வருகிறார். அன்றும் பஸ் காலியாக வந்தால் மாரக்காள் அக்கா திரும்பவும் தக்காளி டெம்போவில்தான் வரவேண்டும். எனக்கு முட்டி வலி, உடம்பும் ஓய்ந்துவிட்டது. ஆனாலும் முந்தின நாளே கீரிப்பாறைக்கு வந்துவிடுகிறேன். அய்யாவு விட்டுப்போன வேலையைச் சங்கம் விடாது.

ஊர் உறவுகளே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். திங்கட்கிழமை யாரும் சீட்டைத் துடைக்காதீர்கள். யாரும் துண்டு விரிக்காதீர்கள். எப்போதும் போவதுபோல ஏறி உட்காருங்கள். மாரக்காள் அக்கா, நீங்கள் முன் சீட்டில் உட்காருங்கள், அதிகாரி பக்கத்தில் வந்து நின்றாலும் எழுந்துவிடாதீர்கள். மைசூர் வரைக்கும் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே வந்தேன் என்று அந்த மனிதர் எழுதட்டும்.