பஸ்ஸுக்கு ஒரு ஸ்டே

ஆரணி பஸ் நிலையத்தில் மெட்ராஸ் பஸ் புறப்படவிருந்தது. என் முன்சீட்டில் சட்டம் படிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். விரல்களில் பட்டுச் சாயம் ஏறிய அவள் கணவர் ஜன்னலுக்கு வெளியே நின்று, அவள் புத்தகத்தைப் பிரித்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஸ்டேன்னா ‘இரு’ன்னுதான அர்த்தம்?”

“கோர்ட்ல அப்படி இல்லீங்க. நடந்துகினு இருக்கறத நிறுத்தி வெக்கிறது. தடை.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். இந்த பஸ்ஸுக்கு ஒரு ஸ்டே வாங்கிக் குடேன்.”

அவள் சிரித்தாள். கண்டக்டர் விசில் அடித்தார். நகரும் பஸ்ஸோடு நடந்துகொண்டே அவர் புத்தகத்தை உள்ளே நீட்டினார்.

“சரி, வாய்தா எப்போ?”

அவள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

“சனிக்கிழமை சாயங்காலம். இங்கியே வந்து ஆஜராயிடுங்க.”