மச்சான் பார்த்த மீன்தொட்டி

— மாமா, முதல்ல அந்தத் தண்ணியை நிறுத்துங்க. பாதிக்கு மேல ஏறிடுச்சு. இந்தத் தொட்டி தாங்காது.

— வந்துட்டாருப்பா கண்ணாடிக் கடைக்காரர். இன்னும் செருப்பே கழட்டல, அதுக்குள்ள தீர்ப்பு. மச்சான், இது ஒரு பெரிய ஓட்டல் வாசல்ல பத்து வருஷம் நின்ன தொட்டி.

— நின்னது சரி. எதுக்கு வித்தாங்க?

— அவங்களுக்கு மீன் மேல இருந்த ஆசை போயிடுச்சு. எனக்கு வந்திருக்கு. உனக்கென்ன?

— இந்த மூலையைப் பாருங்க. பழைய சிலிக்கான் பசை மேலயே புதுசை அப்பியிருக்காங்க. ஒட்டவே ஒட்டாது. பழசைச் சுத்தமா சுரண்டிட்டுத்தான் வைக்கணும்.

— ரெண்டு பூச்சு இருந்தா ரெண்டு மடங்கு பலம்.

— சரி, மேல குறுக்கே ஒரு கண்ணாடிப் பட்டை இருந்திருக்கணுமே, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிக்கிறதுக்கு. அது எங்க?

— கை விட இடைஞ்சலா இருந்துச்சு. நான்தான் பேத்து எடுத்தேன்.

— கெட்டுது போங்க. அக்கா, ஒரு நூல் கொண்டா. அந்த முனையைக் கண்ணாடி ஓரத்துல பிடி, நான் இந்தப் பக்கம் இழுக்கறேன். பார்த்தியா? ரெண்டு ஓரமும் நூலை விட்டு விலகி நிக்குது, நடுவுல மட்டும் நூல் இடிக்குது. கண்ணாடிக்குத் தொப்பை போட்டுடுச்சு.

— தொப்பை எனக்கும்தான் இருக்கு. நான் என்ன வெடிச்சா போயிட்டேன்?

— டேய் தம்பி, போதும்டா. நல்லாவே நடிக்கிற. கை கழுவிட்டு சாப்பிட வா.

— அக்கா, யாரு நடிக்கிறது?

— இந்தத் தொட்டி வீட்ல வேணாம்னு, வந்து சரியில்லன்னு ஒரு பொய் சொல்லிட்டுப் போடான்னு நான்தானே நேத்து உனக்கு போன் பண்ணினேன். காலையில மனசு கேக்கலடா. மனுஷன் ஆசையா வாங்கிட்டு வந்தது. எல்லாத்தையும் அவர்கிட்ட சொல்லிட்டேன்.

— ஆமா மச்சான். அக்காளும் தம்பியும் போட்ட திட்டமெல்லாம் எனக்குத் தெரியும். நீ நூல் வரைக்கும் போவேன்னுதான் நினைக்கல.

— அக்கா, நான் பொய் சொல்லத்தான் கிளம்பி வந்தேன். வந்து பார்த்தா நிஜமாவே மோசமா இருக்கு. நான் என்ன பண்ண?

— இதுவும் நல்லாத்தான்டா இருக்கு.

— சத்தியமாக்கா. தொட்டியை ஒட்டியே பாப்பா கட்டில் கிடக்கு. அதுல பாப்பா தூங்குது.

— கண்ணு முழிச்சதும் மீனைப் பார்க்கட்டும்னு நான்தான் அங்க போட்டேன். அதுலயும் குத்தம் கண்டுபிடிச்சியா?

— காலை வேணா பிடிக்கறேன் மாமா. கட்டிலையாவது நகர்த்துங்க.

— எழுந்திரு, எழுந்திரு. நாளைக்கு மீன் வருது, அப்ப வந்து பாரு.

— அக்கா, நீயாவது சொல்லேன்.

— அவர் முகத்தைப் பாருடா. எவ்வளவு நாளாச்சு இப்படிச் சிரிச்சு.

— சரி மாமா, தோத்துட்டேன். உள்ளதைச் சொல்லிடறேன். அருமையான தொட்டி. இப்படியொரு கண்ணாடி என் கடைக்கே வந்ததில்ல. விளிம்பு வரைக்கும் நிரப்புங்க, ஒண்ணும் ஆகாது.

— என்ன சொன்ன?

— பொருள் எடுக்கறதுல உங்களை அடிச்சுக்க ஆளே இல்லன்னேன்.

— ஏய், தண்ணியை நிறுத்து. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு முதல்ல வெளிய போ. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் வாங்கின ஒரு பொருளையாவது உன் தம்பி நல்லாருக்குன்னு சொன்னதில்ல. இவனே பாராட்டறான்னா, இது இன்னிக்கே வெடிக்கப்போகுது.