ஏசுரத்தினத்தின் மரணச் சீட்டு

நாற்காலி போட்டீர்களே, நன்றி இன்ஸ்பெக்டர் ஐயா. இருபது வருஷம் சித்தூர் தாலுக்காவில் ஊர் ஊராக நடந்து ஜெபக் கூட்டம் நடத்தியதில் முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. நிதானமாகவே சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். பெயர் ஞானமணி. லுத்தரன் சபையில் உபதேசியார் வேலை.

என் தங்கை லோயிஸை இருபத்தைந்தாம் வருஷம் ஏசுரத்தினத்துக்குக் கட்டிக்கொடுத்தோம். இரண்டு வருஷத்தில் அவன் கோலார் தங்கவயலுக்கு வேலைக்குப் போனான். அதன்பிறகு ஏழு வருஷம் ஒரு கடிதாசும் இல்லை. எங்கள் போதகர் இரக்கமுள்ளவர். கைவிட்டுப் போனவனுக்காக ஒரு பெண் காலமெல்லாம் காத்திருக்க வேண்டாம், கோர்ட்டில் விடுதலை வாங்கி மறுமணம் செய்யலாம் என்று சபை மூப்பர்களைக் கூட்டிச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை ராயப்பன் கத்தோலிக்கன். ரேணிகுண்டாவில் ரயில்வே கேட்டுக்காரன், மனைவியை இழந்தவன். அவர்களுடைய பங்குச் சாமியாரும் என்னிடம் தன்மையாகத்தான் பேசினார்.

"உபதேசியாரே, கோர்ட்டு பிரிச்சாலும் எங்க கோயிலுக்கு அந்த மொதல் கல்யாணம் அப்படியேதான் நிக்கும். அந்த ஆள் செத்துட்டான்னு ஒரு சீட்டு கொண்டாங்க. அடுத்த ஞாயிறே பூசையில கல்யாண ஓலை வாசிக்கிறேன்."

பொய்ச் சீட்டு எழுதித்தர ஆள் கிடைத்தான். நான் சம்மதிக்கவில்லை. லோயிஸ் வயிற்றில் அப்போது ராயப்பனின் பிள்ளை, மூன்று மாதம். ஆகவே நானே கோலாருக்குப் போனேன், அவன் கல்லறை இருக்குமா என்று தேடிக்கொண்டு.

அவன் உயிரோடிருந்தான். சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கி, ஒரு தகரக் கொட்டகையில் இருமிக்கொண்டு கிடந்தான். என்னைக் கண்டதும் அழுதான்.

"இந்தக் கோலத்துல இருந்துக்கினு என்னன்னு கடிதாசு போடறது மச்சான்? லோயிஸ் என்னைச் சேத்துக்குவாளா?"

"சேத்துக்குவா. வா, போலாம்" என்றேன்.

அங்கிருந்த டாக்டரைக் கேட்டேன். ஒரு வருஷம் தாங்குவான், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷமும் தாங்கலாம் என்றார். என் தங்கையால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது.

பலமநேரில் பஸ் மாற வேண்டியிருந்தது. இட்லி வாங்கிக் கொடுத்தேன், ஆசையாகத் தின்றான். "குளிச்சிட்டு வந்துடறேன் மச்சான். இந்த அழுக்கோட அவ முன்னால நிக்க முடியாது" என்றான். ஏரிக்குக் கூட்டிப் போய் முதுகு தேய்த்துவிட்டேன். எலும்பெல்லாம் கைக்குத் தட்டுப்பட்டது. பிறகு பிடரியில் கை வைத்து அமுக்கினேன். நெஞ்சு கெட்டவன், அதிக நேரம் ஆகவில்லை. எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மணியம்மா பார்த்ததாகச் சொல்வது சரிதான். பயந்துபோய் ஒரு மாதம் அவள் வாய் திறக்கவில்லை; அதற்காக அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள்.

நீரில் மூழ்கிச் செத்தான் என்று கிராம முனிசீப்பு எழுதிக் கொடுத்தார். அதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை. ஜெபம் சொல்லி நானே அடக்கம் பண்ணினேன். சாமியாரும் பேச்சு மாறவில்லை, மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார். கல்யாணம் இரண்டு சபைப் புத்தகத்திலும் பதிவாகியிருக்கிறது, போய்ப் பாருங்கள்.

லோயிஸுக்கு இதில் பங்கு உண்டா என்று கேட்டீர்கள். இல்லை. நேற்று லாக்கப்புக்கு வந்தவள், அவனை எங்கே புதைத்தாய் என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டாள். நான் கோலாருக்குப் புறப்பட்ட காலையில் வழிக்குச் சோறு கட்டிக்கொண்டே அவள் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

"அந்தச் சீட்டு வேணாம்ண்ணா. நம்ம கோயில்லியே கட்டிக்கறேன்னு அவரு சொல்லிட்டாரு. அவங்க கோயில்ல நற்கருணை அப்பம் குடுக்கலன்னாலும் பரவால்லியாம். நீ போவாதே."

நான்தான் வாயை மூடச் சொன்னேன். கத்தோலிக்கர் தெருவில் அவளை வைப்பாட்டி என்பார்கள். உபதேசியாரின் தங்கை, ஐயா. அதைக் கேட்டுக்கொண்டு நான் எப்படிப் பிரசங்க பீடத்தில் ஏறுவது, நீங்களே சொல்லுங்கள்.