படகை நக்கிப் பார்த்தவர்

கல்கத்தாக் கரையிலிருந்து ஹவுராவுக்குப் போகும் நீராவிப் படகில், என் முதுகுக்குப் பின்னால் ஒருவர் தமிழில் சொன்னார்: “படகை நக்கிப் பார்த்தேன், மாப்ள.”

திரும்பாமல் இருக்க முடியவில்லை. சொன்னவர் பெரிய மீசைக்காரர். பக்கத்தில் வெற்றிலைப் பையோடு ஓர் இளையவர். இருவருக்கும் நாகப்பட்டினத்துப் பேச்சு.

“நக்கினீங்களா? எதுக்கு மச்சான்?”

“பழைய மீன்பிடிப் படகு. ஆத்தை விட்டுக் கடலுக்குப் போனதே இல்லைன்னு விக்கிற பெங்காலிக்காரன் சொன்னான். மேல புதுசாத் தார் பூசியிருந்துச்சு. அடிப்பலகையில அதைச் சுரண்டி, ஒரு சிராயை எடுத்து நாக்குல வெச்சேன். உப்புக் கரிச்சுது.”

“கருவாடு ஏத்தியிருப்பான்.”

“அது உள்பக்கம். நான் சுரண்டினது வெளிப்பக்கம். கடல்ல வருஷக்கணக்காக் கிடந்தாத்தான் மரம் அப்படி உப்பு ஊறும். கடல்ல கிடந்தா புழு துளைச்சிருக்குமே. அங்கேயே கத்தியை வெச்சு அழுத்தினேன். பிடி வரைக்கும் இறங்கிடுச்சு.”

“சண்டைக்கு வந்தானா?”

“எங்க வர்றது? அவனையே எவனோ ஏமாத்தி வித்திருக்கான். கத்தியையே பார்த்துக்கிட்டு நின்னான். இன்னிக்கு அக்கரையில அவன் வேற படகு வாங்கப் போறான். நான் வந்து பார்த்துச் சொன்னாத்தான் வாங்குவானாம். அவங்க ஊரு ஆத்துல, நம்ம ஆளு சொல்லணும்.”

மீசையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். இளையவர் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மரியாதையாக நீட்டினார்.

“இப்போ வேண்டாம், மாப்ள. நாக்குக்கு வேலை இருக்கு.”