பாஸ்போட் படத்துத் தலைமயிர்

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கையும் இருந்தார்கள். தங்கைக்குக் கழுத்தோடு வெட்டிய தலைமயிர். நீர்வேலி வாழைத்தோட்டங்கள் தெரியத் தொடங்கியபோது அவள் சொன்னாள்:

“அக்கா, தலைமயிர் வெட்ட இப்ப பத்து ரூபாவாம். போன வருசம் அஞ்சு.”

“பத்து ரூபாவோ? பேசாமல் வளரவிடு பிள்ளை.”

“எப்பிடி வளரவிடுறது? பாஸ்போட் படத்திலை கட்டைத் தலை. விசா வரேக்கை நான் கொண்டையோடை போய் நிண்டால், உது வேறை ஆரோ எண்டு பிளேனிலை ஏத்தமாட்டினம்.”

“உன்னை ஆர் வெட்டச் சொன்னது?”

“அவர்தான். லண்டன் குளிருக்குக் கட்டைத் தலைதான் சுகமெண்டு எழுதினவர். வெட்டிப்போட்டுத்தான் படம் எடுத்தனான்.”

பாஸ்போட் விண்ணப்பங்களோடு முப்பது வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவன் நான். அந்தப் படிவத்தில் தழும்புக்கு ஒரு கட்டம் உண்டு. தலைமயிரின் நீளத்துக்கு இல்லை. அதைச் சொல்லிவிடலாமென்று தொண்டையைச் செருமினேன். அக்கா முந்திவிட்டாள்.

“முகத்தைத்தானேயடி பாப்பினம். மயிரை ஆர் அளக்கப்போறான்?”

தங்கை கழுத்தோரத்து மயிரை விரலால் தடவினாள்.

“அது தெரியும் அக்கா. வளரவிட்டால், அவர் போய் எவ்வளவு காலமெண்டு கண்ணாடி சொல்லிப்போடும்.”

பஸ் கோப்பாயில் நின்று புறப்பட்டது. அக்கா கைப்பையைத் திறந்து தாளொன்றைத் தங்கையின் கைக்குள் வைத்தாள்.

“இந்தா, அஞ்சு ரூபா. கூட்டின காசை நான் தாறன். போய் வெட்டு.”